கவாலியர் ஸ்பானியல்: அரசர் மடியில் வளர்ந்த நாயினம்

நாய் என்றதும் ஆட்டுப்பட்டியையும் நெற்களத்தையும் காக்கும் காவல் நாயே நம் நினைவுக்கு வரும். வேட்டைக்குப் போகும் நாயும் நாம் அறிந்ததே. இவ்விரண்டு வேலையும் இன்றி, மனிதனுக்குத் துணையாக இருப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட சிறிய நாயினங்களும் உலகில் உண்டு. இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் அவற்றுள் ஒன்று.

இந்நாயை வாங்கி வளர்க்குமாறு சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. இதன் வரலாறு, இனவிருத்தி செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல பாடமாக அமைந்துள்ளது. அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு சில ஆண் நாய்களைக் கொண்டே ஓர் இனத்தைப் பெருக்கினால் என்ன விளையும் என்பதை இந்த இனத்தில் தெளிவாகக் காணலாம். நீங்கள் வளர்ப்பது வெள்ளாடாயினும் கறவை மாடாயினும், இந்தப் பாடம் உங்களுக்கும் உரியதே.

தோற்றமும் வரலாறும்

ஸ்பானியல் என்னும் பெயர் ஸ்பெயின் நாட்டைக் குறிப்பது என்பர். புதரில் பதுங்கும் பறவைகளைக் கிளப்பி விடுவதற்காக வேட்டைக்காரர்கள் வளர்த்த நாய்கள் இவை. இவற்றில் உருவில் சிறியவற்றை ஐரோப்பியச் சீமாட்டிகள் வீட்டுக்குள் வைத்து வளர்த்தனர். 1630ஆம் ஆண்டுகளில் வான் டைக் என்னும் ஓவியர் தீட்டிய, முதலாம் சார்லஸ் மன்னரின் பிள்ளைகளின் படங்களில் இச்சிறிய நாய்களைக் காணலாம். நீண்ட மூக்கும், தட்டையான மண்டையும், தொங்கும் காதுகளும் கொண்டவையாக அவை வரையப்பட்டுள்ளன.

அப்பிள்ளைகளுள் ஒருவரே பின்னாளில் இரண்டாம் சார்லஸ் மன்னராக 1660 முதல் 1685 வரை ஆண்டவர். இவருக்கு இந்நாய்கள் மீது அளவற்ற பிரியம். அரசு அலுவல் பேசும் கூட்டத்தில் மன்னர் காரியத்தைக் கவனியாமல் நாயோடு விளையாடிக் கொண்டிருந்தார் என்று, கடற்படை அலுவலராக இருந்த சாமுவேல் பீப்ஸ் 1667ஆம் ஆண்டு தமது நாட்குறிப்பில் குறை கூறி எழுதியுள்ளார். மன்னரின் பெயரே இந்த நாய்களுக்கும் நிலைத்தது.

அடுத்து வந்த காலத்தில் மார்ல்பரோ கோமகன் குடும்பத்தார் தங்கள் மாளிகையில் வெள்ளையும் செம்பழுப்பும் கலந்த நாய்களை வளர்த்து வந்தனர். 1704இல் நடந்த பிளெனிம் போரில் கோமகன் பெற்ற வெற்றியின் நினைவாக அம்மாளிகைக்குப் பிளெனிம் என்று பெயர். அந்நிறத்து நாய்களை இன்றும் பிளெனிம் என்றே அழைக்கின்றனர். விக்டோரியா அரசியார் இளவயதில் வளர்த்த டாஷ் என்னும் நாயும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1838இல் முடிசூட்டு விழா முடிந்து அரண்மனைக்குத் திரும்பியதும் அரசியார் செய்த முதற்காரியங்களுள் ஒன்று டாஷைக் குளிப்பாட்டியது.

மூக்கு குறுகிய கதை

19ஆம் நூற்றாண்டில் நாய்க் கண்காட்சிகள் பெருகின. சப்பை மூக்கும், உருண்டு புடைத்த மண்டையும், பெரிய கண்களும் கொண்ட நாய்களே அழகானவை என்னும் எண்ணம் பரவியது. அத்தகைய நாய்களுக்கே பரிசு கிடைத்தது; அவற்றின் குட்டிகளுக்கே நல்ல விலையும் கிடைத்தது. தலைமுறைக்குத் தலைமுறை மூக்கு குறுகிக்கொண்டே வந்தது. பழைய படங்களில் காணும் நீண்ட மூக்கு நாய் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. சப்பை மூக்கு உடைய அந்த இனம் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்ற பெயரில் இன்றும் தனியே உள்ளது.

1926இல் அமெரிக்கரான ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்பவர் இங்கிலாந்துக்கு வந்தார். பழைய ஓவியங்களில் உள்ளதைப் போன்ற நீண்ட மூக்கு நாய் எங்கும் கிடைக்காமல் ஏமாற்றமுற்றார். கிரஃப்ட்ஸ் என்னும் பெரிய நாய்க் கண்காட்சியில், பழைய அமைப்புள்ள மிகச் சிறந்த ஆண் நாய்க்கும் பெட்டைக்கும் தலா 25 பவுன் பரிசளிப்பதாக அறிவித்தார். அந்நாளில் அது பெருந்தொகையாகும். தங்கள் கொட்டிலில் தப்பித் தவறிப் பிறந்த நீண்ட மூக்குக் குட்டிகளைக் கழித்து விட்டவர்கள், இப்போது அவற்றைப் பேணி வளர்க்கத் தொடங்கினர்.

1928இல் இவ்வகை நாய்களுக்கெனத் தனிச் சங்கம் அமைந்தது. ஆன்ஸ் சன் என்னும் ஆண் நாயை மாதிரியாகக் கொண்டு இனத்தின் இலக்கணம் வகுக்கப்பட்டது. சார்லஸ் மன்னரின் ஆதரவாளர்களைக் குறித்த கவாலியர் என்னும் சொல் புதிய இனத்துக்குப் பெயராயிற்று. 1945இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதனைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. 1973இல் கிரஃப்ட்ஸ் கண்காட்சியின் தலையாய பரிசை ஒரு கவாலியர் நாய் பெற்றது. அதன்பின் இந்த இனத்தின் புகழ் நாடெங்கும் பரவியது.

இனப்பண்புகள்

உருவம்: எடை 5.4 முதல் 8 கிலோ வரை. உயரம் தோள் வரை 30 முதல் 33 செ.மீ. பெரிய கருவிழிகளும், நீண்ட மயிரடர்ந்த தொங்கு காதுகளும், பட்டுப் போன்ற மயிரும் உடையது.

நிறம்: நான்கு வகை. வெள்ளையில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்ட பிளெனிம். கருப்பு, வெள்ளை, செம்பழுப்பு மூன்றும் கலந்த மூவண்ணம். கருப்பு உடலில் செம்பழுப்புக் குறிகள் உடையது. உடல் முழுதும் செம்பழுப்பானது.

குணம்: சாதுவானது. குழந்தைகளோடும் முதியோரோடும் பிற நாய்களோடும் ஒத்துப்போகும். தனியே விடப்பட்டால் வாடிப்போகும். வேட்டைக் குணம் சிறிது எஞ்சி நிற்பதால் பறவையைக் கண்டால் துரத்தும். அவ்வாறு துரத்தும்போது சாலையில் வரும் வண்டியைக் கவனியாது. காவலுக்குச் சற்றும் உதவாது. முன்பின் அறியாதவர் வந்தாலும் வாலை ஆட்டி வரவேற்கும்.

ஆறு நாய்கள், ஆயிரமாயிரம் குட்டிகள்

ஓர் இனத்தைச் சில நாய்களிலிருந்து திரும்ப உருவாக்கியதே முதல் நெருக்கடி. இரண்டாவது நெருக்கடி உலகப் போரால் வந்தது. உணவுத் தட்டுப்பாட்டால் நாய் வளர்ப்போர் தங்கள் நாய்களைக் குறைத்துக்கொண்டனர். புகழ்பெற்ற ஒரு வளர்ப்பகத்தில் 60 நாய்கள் இருந்த இடத்தில் 3 மட்டுமே மிஞ்சின. இன்று உலகெங்கும் உள்ள கவாலியர்களின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்தால் பெரும்பாலானவை 6 நாய்களில் போய் முடிகின்றன.

இதனால் வரும் கேடு என்ன? ஒவ்வோர் உயிரும் தன் மரபணுக்களைத் தாயிடமிருந்து ஒரு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்கும் பெறுகிறது. எந்தப் பிராணியும் குறையுள்ள மரபணுக்கள் சிலவற்றைச் சுமந்தே இருக்கும். ஒரு பக்கம் குறை இருந்தாலும் மறுபக்கத்தில் நல்ல மரபணு இருந்தால் பெரும்பாலும் குறை வெளிப்படாது. தாயும் தந்தையும் நெருங்கிய உறவாக இருந்தால், அதே குறை இரு பக்கத்திலிருந்தும் குட்டிக்கு வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. தந்தையை மகளோடு சேர்த்தாலும், உடன்பிறந்தவற்றைச் சேர்த்தாலும், குட்டியின் மரபணு இணைகளில் 25 சதம் ஒரே முன்னோரிடமிருந்து இரு வழியாகவும் வந்தவையாக இருக்கக்கூடும். தாயாலோ தந்தையாலோ மட்டும் உடன்பிறந்தவற்றைச் சேர்த்தால் இது 12.5 சதம் ஆகும்.

கவாலியர் உட்பட எட்டு நாயினங்களின் மரபணுத் தொகுதிகளை ஸ்வீடன் நாட்டு உப்சலா பல்கலைக்கழக அறிஞர்கள் ஒப்பிட்டு, முடிவை 2021இல் வெளியிட்டனர். தீங்கு தரும் மரபணு மாற்றங்கள் கவாலியரிலேயே மிகுதி எனக் கண்டனர். சிலவற்றிலிருந்து பெருகிய இனத்தின் வரலாறு இவ்வாறு அதன் உடம்பிலேயே எழுதப்பட்டுள்ளது.

இதய நோய்

இந்த இனத்தை வாட்டும் முதல் நோய் இதயத்தைப் பற்றியது. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மைட்ரல் வால்வு என்னும் தடுக்கிதழ் உள்ளது. பம்புசெட்டின் புட்வால்வு போல, இரத்தத்தை ஒரு திசையில் மட்டும் போகவிடுவது இதன் வேலை. இவ்வால்வு தடித்துச் சுருங்கினால் சரியாக மூடாது. இரத்தம் பின்னோக்கிக் கசியும். குறைந்த இரத்தத்தை ஈடுகட்ட இதயம் மிகுதியாக உழைத்துப் பெரிதாகிறது. முடிவில் நுரையீரலில் நீர் கோத்து நாய் மூச்சுக்குத் திணறும்.

வயது முதிர்ந்த சிறிய நாய்கள் பலவற்றிற்கும் இந்நோய் வருவதுண்டு. கவாலியருக்கோ இளவயதிலேயே வருகிறது. 5, 6 வயதில் ஏறக்குறைய பாதி நாய்களுக்கும், 10 வயதுக்கு மேல் கிட்டத்தட்ட எல்லா நாய்களுக்கும் கால்நடை மருத்துவரின் குழாயில் இதய முணுமுணுப்பு கேட்கிறது.

விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்பது பழமொழி. இந்நோய்க்கு அது பொருந்தாது. 2 வயதில் துள்ளி விளையாடும் நாயைப் பார்த்து, 6 வயதில் அதன் இதயம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. இனவிருத்தி செய்வோர் 2, 3 வயதிலேயே நாயைச் சேர்க்கைக்கு விட்டு விடுகின்றனர். நோய் தெரிய வரும்போது அந்த நாய்க்குப் பேரக்குட்டிகளும் பிறந்திருக்கும். இளமையில் தெரியாத இக்குறை தலைமுறைதோறும் தொடர்ந்து வந்ததற்கு இதுவே காரணம்.

தலை நோய்

இரண்டாவது நோய் மண்டை ஓட்டின் அமைப்பால் வருவது. மூளையின் பின்பகுதிக்குப் போதுமான இடம் மண்டைக்குள் இல்லை. ஆகவே மூளையும் தண்டுவடமும் சேரும் இடத்தில் நெருக்கம் ஏற்பட்டு, அங்கே ஓட வேண்டிய நீர் தடைபடுகிறது. நாளடைவில் தண்டுவடத்தினுள் நீர் நிறைந்த குழிகள் உண்டாகின்றன. இதனைச் சிரிங்கோமைலியா என்பர். இந்நோய் கண்ட நாய், காலைத் தூக்கித் தோளைச் சொறிவது போல் காற்றிலேயே சொறியும். கழுத்தைத் தொட்டாலும் தூக்கினாலும் வலியால் கத்தும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாத கவாலியர்களைக் காந்த அலைக் கருவியால் படமெடுத்து ஆராய்ந்தபோது, ஓராண்டு வயதுள்ளவற்றில் 25 சதத்திலும், 6 வயதும் அதற்கு மேலும் ஆனவற்றில் 70 சதத்திலும் இக்குழிகள் காணப்பட்டன. அவற்றில் எல்லா நாய்களும் வலியால் துன்புறுவதில்லை. துன்புறுபவையோ வாயிருந்தும் சொல்ல இயலாதவை.

திருத்த முயற்சிகள்

2008இல் இங்கிலாந்தின் பி.பி.சி. தொலைக்காட்சி இந்நோய்களைப் படம் பிடித்துக் காட்டியது. மக்களிடையே பெரும் விவாதம் எழுந்தது. தாய்-மகன், தந்தை-மகள், உடன்பிறந்தவை ஆகியவற்றின் சேர்க்கையில் பிறக்கும் குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்று கென்னல் கிளப் 2009இல் விதி செய்தது.

டென்மார்க் நாட்டில் 2002 முதல், இதயச் சோதனையில் தேறிய கவாலியர்களை மட்டுமே இனவிருத்திக்கு அனுமதிக்கும் திட்டம் கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. எட்டுப் பத்து ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்ததில், இத்திட்டப்படி பிறந்த நாய்களுக்கு இதய நோய் காணும் வாய்ப்பு 73 சதம் குறைந்திருந்தது. தேர்வு முறையால் கெட்டதைத் தேர்வு முறையாலேயே திருத்தவும் முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

நார்வே நாட்டில் இது நீதிமன்றம் வரை சென்றது. கவாலியர் நாய்களை இப்போதுள்ள முறையில் இனவிருத்தி செய்வது பிராணிகள் நலச் சட்டத்துக்கு மாறானது என்று 2022 ஜனவரியில் ஆஸ்லோ நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் கவாலியர் இனத்தைப் பொறுத்தவரை இதனை உறுதி செய்தது. நாயை வைத்திருப்பதற்குத் தடையில்லை. அறிவியல் முறைப்படி வேறு இனத்தோடு கலந்து நலமான குட்டிகளை உண்டாக்குவதையும் ஆஸ்லோ தீர்ப்பு தடுக்கவில்லை. இனத்தின் தூய்மை பெரிதா, பிராணியின் நலம் பெரிதா என்னும் கேள்விக்கு அந்நாட்டின் சட்டம் இவ்வாறு விடை கூறியுள்ளது.

வளர்ப்போர் கவனத்திற்கு

நகரத்தில் உள்ள உங்கள் பிள்ளைகளோ உறவினரோ இத்தகைய நாய்க்குட்டியை வாங்க விரும்பினால் கீழ்க்காண்பவற்றைச் சொல்லுங்கள்.

1. குட்டியின் அழகைப் பார்த்து முடிவு செய்யலாகாது. தாயையும் தந்தையையும் நேரில் பார்த்தல் வேண்டும். அவை குறைந்தது இரண்டரை வயது ஆனவையாகவும், இதய முணுமுணுப்பு இல்லாதவையாகவும் இருத்தல் வேண்டும். அவற்றின் பெற்றோர் 5 வயது வரை இதய நோயின்றி இருந்தனவா என்றும் கேட்டறிதல் வேண்டும். சொல்வதை மட்டும் நம்பாமல், கால்நடை மருத்துவர் அளித்த சோதனைச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள்.

2. ஆண்டுக்கு ஒரு முறையேனும் மருத்துவரிடம் காட்டி இதயத்தைச் சோதித்தல் நலம். இதயம் பெரிதாகி, ஆனால் மூச்சுத் திணறல் தொடங்காத நிலையிலேயே பிமோபெண்டான் என்னும் மருந்தைக் கொடுத்தால், நோய் முற்றுவதைச் சராசரியாக 15 மாதங்கள் தள்ளிப் போடலாம் என 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மருத்துவரின் ஆலோசனையின்றி எந்த மருந்தும் கொடுக்கலாகாது.

3. நாய் அயர்ந்து தூங்கும்போது அதன் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். மார்பு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து இருந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

4. உடல் பருக்க விடலாகாது. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிக் கட்டும் வார் நல்லது. தொங்கு காதுகளினுள் அழுக்கும் ஈரமும் தங்குமாதலால் வாரம் ஒரு முறை பார்த்துத் துடைக்க வேண்டும். வெயில் நேரத்தில் வெளியே அழைத்துச் செல்லலாகாது.

5. எந்த இன நாயாயினும் 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் குறிக்கும் நாளில் தவறாது திரும்பப் போட வேண்டும்.

ஆடு மாடு வளர்ப்போர்க்கு

இனி, உங்கள் தொழுவத்தைப் பாருங்கள். ஒரு கிடாவைப் பட்டியில் விட்டால், சினைக் காலம் 5 மாதம், பிறந்த பெட்டைக்குட்டி பருவமடைய 8 முதல் 10 மாதம் என, ஏறக்குறைய 13 முதல் 15 மாதங்களில் கிடாவின் மகளே அதனிடம் பருவத்துக்கு வந்து நிற்கும். கிடாவை மாற்றாவிட்டால், ஆறு நாய்களுக்கு நேர்ந்தது உங்கள் ஆடுகளுக்கும் நேரும். குட்டிகள் எடை குறைந்து பிறத்தல், இளங்குட்டிகள் இறத்தல், சினை பிடிக்காமை ஆகியவை கூடும். எனவே மகள்கள் பருவத்துக்கு வருமுன் கிடாவை மாற்றி விடுங்கள். தொலைவில் உள்ள, உறவில்லாத பட்டியிலிருந்து புதிய கிடாவை வாங்குங்கள். தரமான கிடாவானால் மற்றொரு ஊர்க்காரரோடு மாற்றிக்கொள்வது இருவருக்கும் இலாபம். பட்டியில் பிறக்கும் ஆண் குட்டிகளையும் பருவமடையுமுன் பிரித்து விடுங்கள்.

கறவை மாடுகளுக்குச் செயற்கை முறைக் கருவூட்டல் செய்யும்போது, விந்துக் குச்சியில் அச்சிட்டுள்ள காளையின் எண்ணைக் கேட்டு, நாளோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதன் மகளுக்குக் கருவூட்டும்போது அதே காளையின் விந்து வராமல் காக்க இந்த ஒரு வரி போதும்.

தேர்ந்தெடுக்கும்போது கொம்பையும் நிறத்தையும் மட்டும் நோக்காதீர்கள். தாய்க்கு எத்தனை ஈற்று ஆயிற்று, மடி கெட்டதா, எத்தனை வயது வரை பால் தந்தது என்று கேளுங்கள். வயதான பின்பே தெரியும் குறைகளை அறிய வேறு குறுக்கு வழியில்லை. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் பெண்ணை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று நம் முன்னோர் சொன்னது கால்நடைக்கும் பொருந்தும்.

அரசர்கள் கொஞ்சிய நாயின் இதயம், அதன் அழகைப் போற்றியவர்களின் கவனக் குறைவால் பழுதுபட்டது. அதனைச் சரிசெய்ய அறிஞர்களும் சட்டமும் இன்று பாடுபடுகின்றனர். உங்கள் பட்டியில் அத்தகைய நிலை வாராமல் காக்க, காலத்தில் கிடாவை மாற்றுவதும் ஒரு குறிப்பேடும் போதுமானவை. இந்த மாதமே தொடங்குங்கள்.